பெரிய கத்தி – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பல வருடமாக சுவிட்சர்லாந்தின் லூசேர்னில் இருக்கிறேன். கோடையில் பிள்ளைகளோடு மலையில் கூடாரம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். விக்டோரினாக்ஸ் பேனாக்கத்தி இல்லாத வீட்டை இங்கே பார்ப்பது அரிது, என்னிடமே மூன்று உண்டு. ஆனால் விறகு பிளக்க அதை நம்பி இறங்க முடியாது. அமெரிக்கக் கம்பெனிகள் முழங்கை நீளத்துக்கு மடங்காத கத்தி செய்கின்றன. நூறு வருடத்துக்கு மேல் கத்தி செய்கிற கம்பெனி, பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு, ஏன் ஒரு பெரிய காட்டுக் கத்தி போடக் கூடாது? பயமா, சோம்பலா? வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். இப்போதைக்கு என்ன வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

சிவா

அன்புள்ள சிவா,

போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பயமும் இல்லை, சோம்பலும் இல்லை.

மடங்காத கத்தி அவர்களுக்குப் புதிதில்லை. சமையல் கத்தியும் இறைச்சிக் கடைக் கத்தியும் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். ஊர் உலகத்துக்குச் சிவப்புப் பிடிதான் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். வெளியில் கொண்டுபோகவும் ‘அவுட்டோர் மாஸ்டர்’, ‘வென்ச்சர்’ என்று உறையோடு விற்கிறார்கள். அவற்றில் பெரியவற்றின் அலகே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். ஆக, நீங்கள் கேட்பது அதைப் போல இரண்டு மடங்கு.

அந்த இரண்டு மடங்கில்தான் சிக்கல். 10 சென்டிமீட்டர் கத்தி அறுக்கிற, சீவுகிற கத்தி. 20, 25 என்று போனால் அது ஓங்கிப் போடுகிற கத்தி. எடை முன்பக்கம் விழ வேண்டும், வாய் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும், அடிக்கும் அதிர்ச்சியைப் பிடி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அடி தாங்கவே பலர் கார்பன் எஃகுக்குப் போகிறார்கள், துருப்பிடித்தாலும் பரவாயில்லை என்று. விக்டோரினாக்ஸ் பேர் வாங்கியதே துருப்பிடிக்காத எஃகில். பெயரின் பின்பாதியில் இருக்கும் ‘இனாக்ஸ்’ அதைத்தான் சொல்கிறது.

எஃகைப் பதப்படுத்தத் தெரியாதவர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்களிடம் இருக்கும் கத்தி ஒன்றைத் திறந்து பாருங்கள். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் கடினம் கூட. பெரிய அலகுக்கு அது 56. ரம்பத்துக்கும் கத்தரிக்கும் 53. திருப்புளிக்கும் டின் திறப்பானுக்கும் 52. உள்ளே இருக்கும் வில்லுக்கு 49, ஏனென்றால் அது வளைந்து வளைந்து திரும்பி வர வேண்டும். கை அகலப் பொருளில் நான்கு விதப் பதம். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வெட்டுக்கத்தி செய்வது கம்பசூத்திரம் இல்லை. நாளைக்கே செய்துவிடலாம். அப்புறம்? அதில் அவர்களுக்கே உரியது என்று என்ன இருக்கும்? ஒரே அலகு, ஒரு பிடி, ஒரு உறை. வில்லும் கீலும் இல்லாத இடத்தில் அவர்களுடைய கைத்திறனுக்கு வேலையே இல்லை.

நீங்கள் சொல்லும் அமெரிக்கக் கத்திகளின் வம்சம் வேறு. கே-பார் என்ற கத்தி 1942-ல் அமெரிக்க மரீன் படைக்கு வந்தது, 7 அங்குல அலகு, சண்டைக்கும் முகாம் வேலைக்கும் சேர்த்துச் செய்தது. சுவிஸ் சிப்பாய்க்கு அதற்கு ஐம்பது வருடம் முன்பு கொடுத்த கத்தியோ டின் திறக்க, துப்பாக்கியைக் கழற்றி மாட்ட. 1884-ல் ஈபாக் என்ற ஊரில் பட்டறை போட்ட விக்டோரினாக்ஸின் நிறுவனர் கார்ல் எல்செனர் 1891-ல் ராணுவத்துக்கு முதல் தொகுதியைக் கொடுத்தார். அந்தத் தொழிற்சாலை இன்றும் அங்கேதான்.

எதிர்ப்பக்கமிருந்து வந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பக் கம்பெனி மடங்காத வேட்டைக் கத்தியில் ஆரம்பித்து, 1960களில் 110 என்ற மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து கொழித்தது. அது நடந்ததென்றால் இது ஏன் நடக்காது என்று நீங்கள் கேட்கலாம். வேட்டைக்காரனுக்கு வேண்டியது அதே வேலை, இடுப்பில் இடிக்காமல். பக் அதைக் கொடுத்தது. உங்களுக்கு வேண்டியது வேறு வேலை. அந்த வேலைக்கு உங்கள் நாட்டிலேயே ஆயுதம் இருக்கிறது: கெர்ட்டல். ஆல்ப்ஸ் பக்கத்து விவசாயியும் வனத் தொழிலாளியும் கிளை கழிக்கப் பிடிக்கும் கொக்கி நுனிக் கத்தி. பார்த்தால் நம் ஊர் அரிவாளின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

இன்னொன்று, கடைக்காரன் கணக்கு. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்தில் பேனாக்கத்திக்குத் தடை வந்ததும் இவர்கள் விற்பனை படுத்துவிட்டது. கைக்கடிகாரமும் பயணப் பெட்டியும்தான் கைகொடுத்தன. இப்போது நாட்டுக்கு நாடு சட்டம் இறுகுகிறது. இங்கிலாந்தில் பூட்டு விழாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம், அதற்கு மேல் போனால் காரணம் வேண்டும். ஜெர்மனியில் 12 சென்டிமீட்டரைத் தாண்டிய மடங்காத கத்தியைத் தக்க காரணமில்லாமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. 2024-ல் நிறுவனத் தலைவர் கார்ல் எல்செனர், முதலாமவரின் கொள்ளுப்பேரன், அலகே இல்லாத பைக்கருவி ஒன்றில் வேலை நடக்கிறது என்று சொன்னார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அலகில்லாத விக்டோரினாக்ஸை நான் ஏன் வாங்க வேண்டும்? ஆனாலும் காற்று எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிகிறது. இந்த நேரத்தில் முழங்கை நீளக் கத்தியில் அந்தச் சிலுவை முத்திரையைக் குத்தினால், எங்காவது ஒரு ரயில் நிலையக் கத்திக்குத்துச் செய்தியில் அது படமாக வரும். பாக்கிச் சரக்கு முழுவதும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, உங்கள் விறகு. மரத்துண்டின் மேல் கத்தியை வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பதைத்தானே செய்யப் பார்க்கிறீர்கள்? மடக்குக் கத்தியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், கீல் போய்விடும். ரம்பம் உள்ள கத்தி உங்களிடம் இருந்தால் மணிக்கட்டுப் பருமன் வரை அதுவே போதும். பற்கள் இடமும் வலமும் வளைக்கப்படாமல் நேராக நிற்கும், முதுகுப் பக்கம் மெலிந்திருக்கும், அதனால் மரத்தில் மாட்டாது. அழுத்தாமல் இழுத்தால் வேகமாக அறுக்கும். அதற்கு மேல் தடிப்பென்றால் ஒரு சின்னக் கோடாலியோ கெர்ட்டலோ விவசாயக் கருவிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது உறையைக் கழற்ற வேண்டாம்.