கோல்கீப்பர் உதவிப் பயிற்சியாளராக முடியுமா?

கேள்வி: வயது 31. சென்னை கால்பந்து லீகில் கோல்கீப்பராக இருக்கிறேன். சில பருவங்களாகப் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், தோள்பட்டையும் ஒத்துழைப்பதில்லை. உதவிப் பயிற்சியாளராக விருப்பம். ஆனால், "கோல்கீப்பருக்குக் கோல்கீப்பர் பயிற்சி மட்டும்தான் தெரியும்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதியை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு ஓய்வுபெறும்வரை காத்திருக்காதீர்கள்.

கோல்கீப்பராக இருந்து தலைமைப் பயிற்சியாளரான போர்ச்சுகல்காரர் நுனோ எஸ்பிரித்தோ சாந்தோவை எடுத்துக்கொள்வோம். 2004இல் போர்ச்சுகலின் போர்ட்டோ அணி ஐரோப்பியக் கழகங்களின் சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். ஆனால் கோலில் நின்றவர் வீட்டோர் பாயியா. அதாவது, அவரும் உங்களைப் போல வரிசையில் உட்கார்ந்தவர்தான். போர்ட்டோவில் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2009இல், ஸ்காட்லாந்தில் பயிற்சியாளர் வகுப்புக்குப் போனார். அங்கே அறிமுகமான இயன் காத்ரோ என்ற இளைஞரைப் பின்னாளில் தன் உதவியாளராக்கிக்கொண்டார். 2010இல் ஓய்வுபெற்றதும், போர்ட்டோவில் தனக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெசுவால்டோ ஃபெரேராவிடம், ஸ்பெயினின் மலாகா அணியில், கோல்கீப்பர் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஃபெரேரா அதே ஆண்டில் ஏதென்ஸின் பனத்தினைக்கோஸுக்கு மாறியபோது இவரும் கூடவே போனார். 2012இல் போர்ச்சுகலின் ரியோ ஆவே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். முதல் வேலை விண்ணப்பம் போட்டு வந்ததல்ல, தன் உழைப்பை நேரில் பார்த்த ஒருவர் மூலம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சியாளர் உரிமங்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் டி, சி, பி, ஏ, புரோ என்று படிகள். கோல்கீப்பர் பயிற்சிக்குத் தனிப் படிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாவிட்டால், பொது உரிமத்தையே முதலில் எடுங்கள் என்பேன். கோல்கீப்பர் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவரைக் கழகங்கள் அந்த மூலையிலேயே நிறுத்திவிடும்.

உண்மையான இடைவெளி சான்றிதழில் இல்லை, பார்வையில் இருக்கிறது. நீங்கள் ஆட்டத்தை எப்போதும் பின்னாலிருந்தே பார்த்தவர். தடுப்பு வரிசை எங்கே கிழிகிறது என்று சட்டென்று தெரியும். ஆனால் முதுகில் எதிராளி நெருக்கும்போது நடுக்கள வீரர் உடலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது உங்கள் அனுபவத்தில் இல்லை. இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பாதி மைதானத்தில் கோல்கீப்பர், நான்கு டிஃபென்டர்கள், இரண்டு மிட்ஃபீல்டர்கள். எதிரே நெருக்கடி கொடுக்க ஐந்து பேர். நடுக்கோட்டில் இரண்டு சிறு கோல்கள். கோல் கிக்கில் தொடங்கி அந்தச் சிறு கோல்களை எட்ட வேண்டும். இதை நடத்தும்போது பழக்கதோஷத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். நடுக்கோட்டில் நின்று, மிட்ஃபீல்டர் பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு முறையாவது திரும்பிப் பார்க்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். கோல்கீப்பரைத் திருத்தக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

காலமும் உங்களுக்குச் சாதகம். 2019இல் விதி மாறியபின் கோல் கிக்கைப் பெனால்டி பகுதிக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம். தாக்குதல் கோல்கீப்பரின் காலிலிருந்து தொடங்குகிறது. 2025–26 பருவம் முதல், கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். ஆக, பந்தைப் பிடித்த கணமே யார் எங்கே ஓட வேண்டும் என்று மொத்த அணிக்கும் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். கார்னர், ஃப்ரீகிக் தடுப்புப் பொறுப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். கோல்கீப்பருக்கு அது இயல்பாக வரும் வேலை. பல அணிகளில் அதற்கென்று ஆளும் இருப்பதில்லை.

இந்தப் பருவத்திலேயே உங்கள் பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு நாள் இளையோர் அணியின் கள வீரர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். வரிசையில் உட்காரும்போது எதிரணியின் கார்னர்களைக் குறித்து, இடைவேளையில் இரண்டே வரியில் சொல்லிப் பாருங்கள். நீட்டி முழக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் வரும்போது பதவிப் பெயரைவிடப் பொறுப்புகளைப் பாருங்கள். "உதவிப் பயிற்சியாளர்" என்று போட்டுவிட்டுக் கோல்கீப்பர்களையும் உங்கள் தலையில் கட்டினால், கள வீரர்களோடு பழக நேரமே இருக்காது. நுனோவேகூடத் தலைமைப் பயிற்சியாளரானபின் கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உங்கள் வேலையும் போகுமா, மிச்சச் சம்பளம் உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.