இழுபடும் தாளம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மண்டபம் ஊரில் மூன்று பேராகச் சேர்ந்து போஸ்ட்-பிளாக் மெட்டல் (அலறலும் அதிவேகத் தாளமும் மங்கிய கிடார் ஒலியும் கலந்த ராக் வகை) வாசிக்கிறோம். கேட்பவர்கள் எல்லாம் அமெரிக்காவின் டெஃப்ஹெவன் குழுவின் நகல் என்கிறார்கள். எங்களுக்கென்று ஓர் ஒலி அமைய, பறையும் நாதஸ்வரமும் சேர்க்கலாமா? தமிழில் பாட வேண்டுமா? எங்கள் டிரம்மரின் அப்பா மூக்கையூர்க் கடற்கரையில் கரைவலை (கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் மீன்வலை) இழுப்பவர். டிரம்மர் தாளத்தைப் பின்னுக்கு இழுப்பதால் அடுத்த பதிவில் கணினித் தாளம் வைக்கலாம் என்றிருக்கிறோம். பாடல்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்., மண்டபம்

அன்புள்ள எஸ்.,

கரைவலைப் பாட்டுகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இவ்வளவு விரைவில் பதில் எழுதியிருக்க மாட்டேன். எந்த மொழியில் பாடுவது என்பதெல்லாம் ஒரு கேள்வியா? நீங்கள் அலறுகிற அலறலில் எந்த மொழியும் விளங்கப்போவதில்லை. வாய்க்கு வருவதைப் பாடுங்கள்.

பறையையும் நாதஸ்வரத்தையும் கொண்டுவந்து ஒட்டினால், அது மண்டப வாசலில் கட்டிய வாழைமரமாகத்தான் நிற்கும். பிரான்சின் ஆல்செஸ்ட் குழு 2007இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது, ஸ்லோடைவ் போன்ற பிரிட்டிஷ் குழுக்களின் மங்கிய கிடார் ஒலியை அதன் இசைஞரான நேஜ் என்பவர் பிளாக் மெட்டலோடு கலந்துவிட்டார் என்று எழுதினார்கள். அவரோ அந்தக் குழுக்களைப் பிறகுதான் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் தான் கண்டதாக நம்பிய ஓர் ஒளியுலகத்தைச் சொல்ல முயன்றபோது அவருக்கு அமைந்த ஒலி அது. சேர்மானம் பார்த்துக் கலந்தது அல்ல. நார்வேயின் டார்க்த்ரோன் குழு, ஸ்வீடிஷ் டெத் மெட்டல் குழுக்கள் நாடிச்சென்ற ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டூடியோவில் பதிவு செய்த முதல் ஆல்பத்தை 1991இல் வெளியிட்டது. 1994இல் வந்த ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ ஆல்பத்திலோ, அதன் டிரம்மர் ஃபென்ரிஸ் ஒருவரே எல்லா வாத்தியங்களையும் வாசித்து, வீட்டில் நான்கு டிராக் கருவியில் பதிவு செய்தார். ஸ்டூடியோவின் பளபளப்பைக் கைவிட்ட பிறகுதான் அவர்களுடைய ஒலி பிறந்தது.

நீங்கள் என்னடாவென்றால், கையில் இருப்பதைத் தூக்கி எறியப் பார்க்கிறீர்கள்.

என் பெரியப்பா ஒரு சம்மாட்டியிடம், அதாவது வலையின் சொந்தக்காரரிடம், கரைவலை இழுத்தவர். சிறுவனாக அவர் பின்னால் நின்று நானும் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். முன்னால் நிற்பவர் அம்பாப் பாட்டின், அதாவது வலை இழுக்கும்போது பாடும் பாட்டின், அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிச் சொல்வார்கள். ஆனால் இழுவை அந்தச் சொல்லின் மேல் விழாது, சொல்லி முடித்துக் குதிகால் மணலில் புதைந்த பிறகுதான் விழும். வலை கனக்கக் கனக்க அந்த இடைவெளி நீளும். நான் அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் பெரியப்பா முழங்கையால் ஓர் இடி இடிப்பார்.

உங்கள் இரண்டாவது பாட்டில் அதையேதான் கேட்டேன். கிடார் விடாமல் அதிர்ந்துகொண்டிருக்க, நான்காவது சுற்றின் முடிவில் ஸ்னேர் டிரம்மின் அடி ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. அடுத்த சுற்றில் இன்னும் சற்றுப் பிந்துகிறது. பிளாக் மெட்டலின் வேகம் ஓடிப்போவதற்கான வேகம் அல்ல. அடிகள் அத்தனை நெருக்கமாக விழும்போது காது அவற்றை எண்ணுவதை விட்டுவிட்டு, அடியில் மெல்ல நகரும் கிடாரின் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பின்தொடரத் தொடங்குகிறது. அந்த மெதுவான நகர்வுக்கு உங்கள் டிரம்மர் பாரம் ஏற்றுகிறார். டெஃப்ஹெவனிடம் இது கிடையாது. அவர் அப்பாவிடமிருந்துதான் இது வந்திருக்கிறது என்று என்னால் நிரூபிக்க முடியாது; ஆனால் அப்படித்தான் நம்புகிறேன். இதைத்தான் கணினியை வைத்துச் சரிசெய்யப்போகிறீர்களா? அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

முதல் பாட்டில் அவர் தடுமாறுவது வேறு. அது வெறும் பயிற்சிக் குறை, உட்கார்ந்து அடித்துப் பழகட்டும். நான் இவ்வளவு சொன்னதற்காக அம்பாப் பாட்டைப் பதிவு செய்து உங்கள் பாட்டின் முகப்பில் வைத்துவிடாதீர்கள். அதுவும் நாதஸ்வர வேலைதான். மூக்கையூருக்குப் போங்கள், மூன்று பேரும் கயிற்றைப் பிடியுங்கள், பிறகு அந்த இரண்டாவது பாட்டை டிரம்மரை முன்னால் விட்டு, கிடார் அவருக்காகக் காத்திருக்கும்படி மறுபடி வாசித்துப் பாருங்கள். அதை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் கேட்கிறேன். கணினித் தாளம் வைத்த பதிவென்றால் அனுப்ப வேண்டாம்.