மதிப்பெண் வாக்கில் கடைமடைக்கும் ஓர் இடம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் மூலத்தறை வாய்க்கால் பாசனக்காரர்கள் நாங்கள், 100 பேர். மூவர் கொண்ட தண்ணீர்க் கமிட்டிக்கு நாலு பேர் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டோம். கூட்டினால் மூவருமே தலைமடை (வாய்க்காலின் தொடக்கப் பகுதி). கடைமடையில் 38 பேர் இருந்தும் ஓர் ஆள்கூட இல்லை. எங்கே தவறு?

பதில்: கூட்டலில் தவறில்லை. ஒரே கூட்டலில் மூன்று இடத்தையும் நிரப்பியதுதான் கோளாறு. முறைத் தண்ணீர் மாதிரிதான் இதுவும்: ஒரு முறை பாய்ச்சியவர் அடுத்தவருக்கு வழி விடவேண்டும். ஒவ்வோர் இடத்தையும் தனிச் சுற்றாக எண்ணி, ஏற்கெனவே தங்கள் ஆளை ஜெயிக்க வைத்தவர்களின் வாக்குச்சீட்டுக்கு எடையைக் குறைக்க வேண்டும். சீட்டிலுள்ள மதிப்பெண்ணை அந்த எடையால் பெருக்கித்தான் கூட்டவேண்டும்.

சீட்டின் எடை = 1 ÷ (1 + வென்றவர்களுக்கு அந்தச் சீட்டு போட்ட மதிப்பெண்களின் கூட்டல் ÷ 5).

தலைமடையார் 62 பேரும் அ-வுக்கு 5, ஆ-வுக்கும் இ-க்கும் 4, ஈ-க்கு 0 போட்டதாக வையுங்கள். கடைமடையார் 38 பேர் ஈ-க்கு 5, ஆ-வுக்கு 1, மற்றவர்களுக்கு 0. முதல் கூட்டல்: அ 310, ஆ 286, இ 248, ஈ 190. அ ஜெயித்தாயிற்று. இனி தலைமடைச் சீட்டின் எடை 1 ÷ (1 + 5/5), அதாவது பாதி. இரண்டாம் சுற்றில் ஈ 190, ஆ 162, இ 124, ஈ வருகிறார். இப்போது கடைமடைச் சீட்டும் பாதியாகும். மூன்றாம் சுற்றில் ஆ 143, இ 124. கமிட்டி: அ, ஈ, ஆ.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குறைந்த எடையையே மறுபடி பாதியாக்கி விடுவார்கள். வென்ற இருவருக்கும் 5 போட்ட சீட்டின் எடை மூன்றில் ஒன்றுதான், நான்கில் ஒன்றல்ல. ஒவ்வொரு சுற்றிலும் 1-லிருந்தே புதிதாகக் கணக்கிடுங்கள். இதற்கு மொத்தக் கூட்டல் மட்டும் போதாது. சீட்டுக்கு ஒரு வரியாக எக்செல்லில் ஏற்றுங்கள். சூத்திரத்தில் இரண்டு 1-க்கும் பதிலாக 0.5 போடுவோரும் உண்டு. அது சிறு குழுவுக்குச் சற்றுத் தாராளம்.

ஒரு தந்திரத்துக்கும் இடமுண்டு. "அவர் எப்படியும் ஜெயிப்பார்" என்று தம் ஆளுக்கே 0 போட்டால் சீட்டின் எடை குறையாது. எல்லாரும் அப்படி நினைத்தால் அவரே தோற்பார்! ரகசிய வாக்கு இதை ஓரளவே தடுக்கும்.

மாநிலங்களவைத் தேர்தலிலும் இதுபோல் விகிதாசாரம்தான் (பலத்துக்கேற்ற இடம்), ஆனால் அங்கே மதிப்பெண் இல்லை, 1, 2, 3 என்று விருப்ப வரிசை. இரண்டையும் குழப்பினால் "1" போட்டவர் பிடித்தவரைத் தாழ்த்திவிடுவார். சீட்டிலேயே தமிழிலும் மலையாளத்திலும் "5 மிகப் பிடித்தவர், 0 வேண்டாம்" என்று அச்சிடுங்கள்.

கையிலுள்ள சீட்டுகளை இந்த முறையில் திரும்ப எண்ணலாமா? எண்ணாதீர்கள். வேறு விதியை நம்பிப் போட்ட மதிப்பெண்கள் அவை, சண்டைதான் வரும். பதிவு செய்த சங்கமென்றால் துணைவிதி இதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த தேர்தலுக்கு முன் பொதுக்குழுவில் மூன்றைத் தீர்மானமாக்குங்கள்: மேற்கண்ட சூத்திரம், காலிக் கட்டம் 0, சமநிலை வந்தால் அதிக 5 பெற்றவர், அதுவும் சமமானால் குலுக்கல்.