செட் என்றால் என்ன?

அன்புள்ள ஐயா,

என் மகள் தரம் 9இல் படிக்கிறாள். ஆங்கில அகராதியில் 'செட்' என்ற சொல்லைத் தேடியவள், பக்கம் பக்கமாகப் பொருள் இருப்பதைப் பார்த்து மிரண்டுபோனாள். டியூஷனில் இருபது பொருளை எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளில் மறந்துபோகிறது. வேறு வழி உண்டா?

வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை மிரண்டதில் தவறே இல்லை. 1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். அதில் இருபதைப் பாடமாக்கி என்ன கிடைக்கப்போகிறது?

நம் வீட்டுத் தமிழிலிருந்து தொடங்குங்கள். யாராவது வந்தால் 'இருங்கோ' என்கிறோம். குழந்தையைத் தூக்கிக் கதிரையில் வைத்தால் 'இருத்தினேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'சிட்' என்பது இரு, 'செட்' என்பது இருத்து. பழைய ஆங்கிலத்துக்கும் முன்பே அப்படிப் பிறந்த பிறவினைதான் அது. ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவது. சாப்பாட்டு மேசையில் தட்டும் கரண்டியும் வைப்பது, விடிய ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது, சேர் பரீட்சைக்குப் பேப்பர் செட் பண்ணுவது எல்லாம் இதற்குள் வந்துவிடும். மாலையில் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய், சூரியன் கடலில் போய் இருப்பதைக் காட்டுங்கள். அதற்கும் செட்தான்.

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் மாடிப்படிக்குக் கொங்கிரீட் போட்டார்கள். நான் கால் வைக்கப் போனேன். "ஐயா, மிதிக்காதீங்க, இன்னும் செட் ஆகல" என்று மேசன் கத்தினார். மறுநாள் அது இறுகிய பிறகும் ஈரச் சாக்கைப் போட்டு மூடித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து மாறித்தான் இறுகுகிறது. அந்த மனிதர் 'காயல' என்று சொல்லாமல் 'செட் ஆகல' என்றது எவ்வளவு சரி! ஜெலி செட் ஆவதும் இப்படித்தான், ஈரம் போகாமலே நிலைகொள்வது.

அப்புறம் ஒரு சிக்கல். புறக்கோட்டையில் வாங்கும் கோப்பை செட், பள்ளிக்கூடத்து 'எங்கட செட்' இரண்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த வேறு சொல், பின்தொடர்வோர் கூட்டம் என்ற பொருளில். நாளடைவில் இரண்டும் ஒரே உருவில் கலந்துவிட்டன. சிங்கள நண்பர்கள் 'செட் வெமு' என்றால் 'ஓரிடத்தில் கூடுவோம்' என்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு இந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

மிச்சத்தைப் பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கும். 'ஓஃப்' சேர்ந்தால் புறப்படுவது, 'அப்' சேர்ந்தால் அமைப்பது, மழையோடு 'இன்' வந்தால் மழை பிடித்துக்கொண்டது. வாசிக்கும்போது கண்ணில் படுகிற முழு வசனத்தையும் மகள் ஒரு கொப்பியில் எழுதி வரட்டும், தனிச் சொல்லாக வேண்டாம்.

கட்டாயம் பாடமாக்க வேண்டியது ஒன்றுதான். இறந்தகாலத்திலும் அது 'செட்'தான். 'செட்டட்' என்று எழுதினால் புள்ளி போய்விடும்.