தோட்டக் கிணற்று மோட்டருக்கு எந்த வயர்?

உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"அண்ணை, வீட்டு மெயின் போர்ட்டிலிருந்து எங்கட தோட்டக் கிணறு 80 மீற்றர் தள்ளி இருக்கு. ஒரு குதிரைவலு மோட்டர். கடையில் 1.5 வயர் போதும் என்று தந்தார்கள். வேலியோடு கட்டி இழுத்துவிட்டோம். காலையில் நல்லாக ஓடுது. பின்னேரம் போட்டால் உறுமிக்கொண்டு நிற்குது. ஒரு தரம் சுருள் எரிந்து திரும்பவும் கட்டுவித்தோம். பழுது மோட்டரிலா, வயரிலா? 7/0.67, 7/0.85 என்கிறார்களே, அது என்ன கணக்கு? அலுமினிய வயர் மலிவு என்கிறார்கள், வாங்கலாமா? வாங்கின வயரை என்ன செய்வது?"

தம்பி, மோட்டரைத் திரும்பக் கழற்ற முன்னம் வயரைப் பாருங்கள். காலையில் ஓடுகிற மோட்டர் பின்னேரம் நின்று உறுமினால், பெரும்பாலும் அதற்குப் போய்ச் சேருகிற வோல்ற் போதவில்லை என்றுதான் அர்த்தம். மோட்டர் கிளம்ப உதவுகிற கப்பாசிட்டர் பலவீனப்பட்டாலும் இப்படி உறுமும். அதை மாற்ற அதிகம் செலவாகாது, ஒருமுறை பார்ப்பித்துவிடுங்கள். ஆனால் 80 மீற்றர், 1.5 வயர் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கு வயரில்தான் சந்தேகம்.

முதலில் அந்த இலக்கங்கள். 7/0.67 என்றால் உள்ளே ஏழு செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர் விட்டம். ஏழின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 2.5 சதுர மில்லிமீற்றர் வரும். 7/0.53 என்பது 1.5, 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6. லைற்றுக்குப் போடுகிற 1/1.13 ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர். கடையில் ஒருவர் "இரண்டரை" என்பார், இன்னொருவர் "ஏழு அறுபத்தேழு" என்பார். இரண்டும் ஒரே வயர்தான்.

1.5 வயர் உங்கள் மோட்டரின் அம்பியரைத் தாங்கும். கடைக்காரர் அந்த அளவில் பிழை சொல்லவில்லை. அவர் கேட்காமல் விட்டது தூரத்தை. நீண்ட மண் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போக முன்னம் வழியிலேயே சுவறிப்போகிறதல்லவா, வயரிலும் அப்படி வோல்ற் கழியும். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்பதால் 80 மீற்றர் என்பது உண்மையில் 160 மீற்றர் செம்பு. 1.5 செம்பு வயரில் ஒவ்வொரு அம்பியருக்கும், ஒவ்வொரு மீற்றர் தூரத்துக்கும், போய் வருவதைச் சேர்த்து 29 மில்லிவோல்ற் கழியும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 7 அம்பியர் அளவில் எடுக்கும். 80 × 7 × 0.029 = 16 வோல்ற். மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவு போகிறது.

உண்மையான சிக்கல் மோட்டர் கிளம்புகிற அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான். அப்போது ஓடுகிற அம்பியரைப் போல ஐந்து, ஆறு மடங்கை இழுக்கப் பார்க்கும். பின்னேரம் ஊர் முழுக்க லைற்றும் ஃபானும் ஓடுகிற நேரம், உங்கள் வீட்டு போர்ட்டில் 215 வோல்ற் இருக்கிறது என்று வைப்போம். 1.5 வயரின் அந்தத் தொங்கலில் மோட்டருக்கு 170 கூடத் தேறாது. மோட்டரின் முறுக்கு விசை வோல்ற்றின் வர்க்கத்தோடு குறையும். 230இல் வருகிற விசையின் பாதியை விடச் சற்றுக் கூடத்தான் 170இல் இருக்கும். அந்த விசை பம்பைத் திருப்பப் போதாவிட்டால் மோட்டர் அப்படியே நின்று, கிளம்பும் நேரத்து அம்பியரையே இழுத்துக்கொண்டிருக்கும். சுருள் கருகுவதற்குச் சில நிமிடம் போதும். உங்கள் மோட்டர் எரிந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டும். வயரை மாற்றாமல் சுருளை மட்டும் கட்டினால் அதுவும் எரியும்.

அதே பின்னேரம், அதே 215. வயர் 4 சதுர மில்லிமீற்றர் என்றால் கிளம்பும் நேரம் மோட்டருக்கு 195 அளவில் கிடைக்கும், விசை நூற்றுக்கு 70 வீதம் இருக்கும். ஓடும்போது கழிவது வெறும் 6 வோல்ற். 2.5 போட்டால் 10 வோல்ற் கழியும். விதிப் புத்தகங்கள் மோட்டர் போன்றவற்றுக்கு 5 வீதம் வரை விடுகின்றன, 230இல் அது பதினொன்றரை வோல்ற். ஆகவே கணக்குப்படி 2.5 தேறும். ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது 4, அதாவது 7/0.85. பின்னேர வோல்ற் உங்கள் கையில் இல்லை, நாளைக்கு ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் வைக்கவும் கூடும். வயரை ஒருமுறைதான் புதைப்போம்.

வாங்க முன்னம் ஒரு சோதனை. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது போர்ட்டில் ஒருமுறை, மோட்டரடியில் ஒருமுறை மீற்றர் வைத்து வோல்ற் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் பதினைந்து, பதினாறு வித்தியாசம் வந்தால் குற்றம் வயரில்தான். அதைவிட அதிகம் என்றால் எங்கோ ஒரு மூட்டு கருகிக்கொண்டிருக்கிறது. போர்ட்டிலேயே 216க்குக் கீழே இறங்கினால் அது வெளியிலிருந்து வருகிற குறை. மின்சார சபை தரவேண்டியது 230, அதில் 6 வீதம்தான் கூடிக் குறையலாம். எந்த நேரம், எத்தனை வோல்ற் என்று குறித்துக்கொண்டு போய் முறையிடுங்கள்.

சரி, செம்பு முடிந்தது. அடுத்தது உறை. செம்பைக் கரண்டுக்கும் தூரத்துக்கும் பார்த்து எடுக்கிறோம். உறையை அது கிடக்கப்போகிற இடத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். நம் ஊரில் பலரும் இந்த இரண்டாவதைக் கேட்பதேயில்லை, கடையிலும் சொல்வதில்லை. சுவருக்குள் குழாயில் ஓடுவதற்கென்று செய்த வயரை வெயிலில் வேலியோடு கட்டிவிடுகிறோம்.

வேலியில் கட்டிய வயரைக் கழற்றும்போது பாருங்கள், வெயில் பட்ட பக்கம் உறை வெளிறி, வளைத்தால் பொரிந்து வெடிக்கும். கிளுவையும் பூவரசும் உயிருள்ள கதியால்கள். அவை பருக்கப் பருக்க, கட்டின கயிறு வயரையும் சேர்த்து மரத்துக்குள் அமுக்கும். வேலி அடைக்கிற காலத்தில் கொப்பு வெட்டுகிற கத்தி, ஓலைக்குள் மறைந்து கிடக்கிற வயரைப் பார்த்து வெட்டாது. அணில் கடித்த இடத்தில் உறை போய்ச் செம்பு பளபளவென்று தெரியும். பக்கத்தில் முட்கம்பி ஓடினால் இன்னும் மோசம். ஒரு இடத்தில் உறை தேய்ந்து கம்பியில் பட்டால் அந்த வேலி முழுக்கக் கரண்ட் ஏறும். ஆடு கட்டுகிறவர்கள், பிள்ளைகள், பக்கத்து வளவுக்காரர் எல்லோரும் தொடுகிற வேலி அது. இந்த ஒரு விஷயத்திலாவது தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள். எலெக்ட்ரீசியன் வந்து சோதிக்கிற நேரம் தவிர, புது வயர் வரும்வரைக்கும் வேலி வயரின் பிரேக்கரைப் போடாமல் விடுங்கள்.

தோட்டத்துக்குள்ளால் போவதற்குச் சரியானது நிலத்தடிக் கேபிள்: உள்ளே செம்பு, மேலே இரும்புக் கம்பிக் கவசம், அதன்மேல் கறுப்பு உறை. மூன்று கோர், அதாவது உள்ளே மூன்று தனி வயர் உள்ளதை வாங்குங்கள், எர்த்துக்கும் ஒன்று வேண்டும். உள்ளுறையில் இரண்டு வகை உண்டு. சாதாரண பிவிசி 70 பாகை வெப்பம் வரை தாங்கும், எக்ஸ்.எல்.பி.இ. 90 வரை. கவசக் கேபிள்களில் இரண்டாவது வகை பரவலாகக் கிடைக்கிறது, அதையே எடுங்கள். இரண்டடி ஆழம் வெட்டி, கல் இல்லாத மணல் பரப்பி, கேபிளைப் படுக்க வைத்து, மேலே மணல், அதன்மேல் ஒரு வரிசை செங்கல் அல்லது ஓடு. பிறகொரு நாள் மண்வெட்டி இறங்கினால் முதலில் அந்த ஓடு தட்டுப்படும். உங்கள் பக்கம் செம்மண், வெட்டலாம். கீழே சுண்ணக்கல் முட்டுகிற இடத்தில் அவ்வளவு ஆழம் போகாது. அங்கே கேபிளைத் தடித்த குழாய்க்குள் விட்டு மேலே கொங்கிறீட் போடுங்கள். பாத்திகளுக்குக் குறுக்கே வேண்டாம், எல்லையோரமாகக் கொண்டுபோங்கள். இரும்புக் கவசத்தையும் போர்ட் பக்கத்தில் எர்த்தில் சேர்க்க வேண்டும். சிலர் அதைச் சும்மா வெட்டி விட்டுவிடுகிறார்கள்.

கவசக் கேபிளுக்குக் காசு போதாவிட்டால், வெளியுறை உள்ள மூன்று கோர் கேபிளைத் தடித்த தண்ணீர்க் குழாய்க்குள் விட்டுப் புதைக்கலாம். நடுவில் மூட்டு மட்டும் கூடாது. முறுக்கி ரேப் சுற்றின மூட்டு மண்ணுக்குள் ஒரு மாரி தாங்காது.

எர்த்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கிணற்றடி என்பதால் நான் சொல்லியே ஆக வேண்டும். நமது சுண்ணக்கல்லில் எர்த் கம்பியை முழு ஆழத்துக்கு அடிப்பதே கஷ்டம். அடித்தாலும் கோடையில் மண் காய எர்த் தடை ஏறும். தடை 50 ஓம் என்று வைப்போம். மோட்டர் உடம்பில் கரண்ட் இறங்கினால் எர்த் வழியாகப் போவது 230ஐ 50ஆல் பிரித்தால் வருகிற 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதை மோட்டர் ஓடுகிறதென்றே எடுத்துக்கொள்ளும், விழாது. மோட்டரின் உடம்பு கரண்டோடு நிற்கும், ஈரக் காலோடு ஒருவர் வந்து தொடுவார். இங்கே உயிரைக் காப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். எர்த் சுமாராக இருந்தாலும் அது விழும், ஏனென்றால் அதற்கு 0.03 அம்பியர் கசிவே போதும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுக்கச் சொல்லி ஒருவரிடமும் கேட்காதீர்கள். விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

அலுமினியம் வேண்டாம். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 60 வீதம்தான் அது கடத்தும். அதே வேலைக்கு 4க்குப் பதில் 6, 7 அளவில் தேவை, அப்புறம் மலிவு எங்கே? அதோடு செம்புத் தொங்கலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் ஈரக்காற்றில் அரித்துச் சூடேறும். கடலோரம் என்றால் உப்புக் காற்றும் சேரும். சபையின் கம்பங்களில் அலுமினியம் ஓடுகிறதே என்று கேட்கலாம். அதற்கென்றே செய்த கிளிப்புகள், அழுத்துகிற கருவி எல்லாம் அவர்களிடம் உண்டு.

அதைவிட மோசம், செம்பு பூசின அலுமினியத்தைச் செம்பு வயர் என்று விற்பது. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கம்பியைப் பிளேட்டால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். தராசும் பொய் சொல்லாது. 7/0.67 வயர் 100 மீற்றர்ச் சுருளில் செம்பு மட்டுமே 2.2 கிலோ இருக்க வேண்டும், உறை அதற்கு மேல். மொத்தச் சுருளும் இரண்டு கிலோவுக்குள் நின்றால் அது செம்பு இல்லை, அல்லது 100 மீற்றர் இல்லை. உறையில் தயாரிப்பாளர் பெயர், அளவு, வோல்ற், இலங்கைத் தரத்துக்கான எஸ்.எல்.எஸ். எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை செய்ய வருகிறவரிடம் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். எர்த் பச்சை மஞ்சள். மூன்று பேஸ் உள்ள வீட்டில் இது ஆபத்து: பழைய முறையில் நீலம் ஒரு பேஸ், புதிய முறையில் கறுப்பு ஒரு பேஸ். நிறத்தை நம்பாமல் டெஸ்டர், மீற்றர் வைத்துப் பார்த்தே தொட வேண்டும். போர்ட்டில் 16 அம்பியர் பிரேக்கர் போதும். மோட்டரைக் காக்க அதன் தகட்டில் உள்ள அம்பியருக்குச் சரிசெய்த ஓவர்லோட் உள்ள ஸ்டார்ட்டர் தனியாக வேண்டும். அது இருந்திருந்தால் அன்றைக்கு உங்கள் சுருள் எரிய முன்னம் மோட்டர் தானாக நின்றிருக்கும்.

வாங்கின 1.5 வயரில் வெயில் படாத, கடி படாத துண்டுகளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் லைற், ஃபான் இணைப்புகளுக்கு அது நல்ல வயர். வேலியில் வெளிறின பகுதியைப் பழைய செம்பு எடுப்பவரிடம் எடைக்குக் கொடுத்துவிடலாம்.