செருப்பைத் தராத சேறு

அன்புள்ள ஐயா,
புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். மூன்று மணி நேரம் இழுத்த மீட்டிங்கை ‘நரக வேதனை’ என்றேன். கூட வேலை செய்யும் அக்கா, ‘பெரிய சொல், சும்மா சொல்லாதே’ என்று கோபித்துக்கொண்டார். சொல்லலாமா, கூடாதா? நரகங்கள் 28 என்கிறார்களே?

அன்புள்ள தம்பி,
அந்த 28 பெயர்களும் பாகவதத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை.

நரகம் என்றதும் எண்ணெய்க் கொப்பரைதானே கண்ணில் வருகிறது? படம் பார்த்து வந்த பழக்கம். குறளைத் திறந்திருக்கலாமே, பத்து நிமிட வேலை! நரகத்துக்கு வள்ளுவர் மூன்று இடத்தில் சொல்வது ‘அளறு’. அளறு என்றால் சேறு. பேதை அதில் ‘புக்கு அழுந்துகிறான்’, பூரியர்கள், அதாவது கீழ்மக்கள், ‘ஆழ்கிறார்கள்’. யாரும் வேகவில்லை. (அழுக்காறாமையில் ‘தீயுழி’ என்று தீயும் வருகிறது, மறைக்கவில்லை.) புலால் மறுத்தலில் இன்னும் பயங்கரம்: ‘அண்ணாத்தல் செய்யாது அளறு’. ஊன் தின்றவனை விழுங்கிய சேறு, வெளியே விட வாயைத் திறக்காதாம்.

அந்த வாயை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் நண்டு பிடிக்க இறங்கினேன். முழங்கால் வரை போய்விட்டது. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இறங்குகிறது. வலியே இல்லை, சும்மா இருந்தாலும் இறங்குகிறது. வலைக்காரர் ஒருவர் பலகையைப் போட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

ஆக, உங்கள் மீட்டிங் நரகம்தான், சந்தேகமில்லை. ‘வேதனை’தான் அதிகப்படி. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் கிடந்து, கல்லோடு கடலில் தள்ளப்பட்டு, எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகச் சொல்லப்படும் அப்பர் ‘நரகத்தில் இடர்ப்படோம்’ என்று பாடினார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. நீங்கள் ஏசி அறையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தீர்கள். அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டாள். வாளி வாளியாக ஊற்றினாள். அடிக்கவில்லை. “நரகலாட்டம் நாறுதுடா” என்றாள். அப்புறம்தான் ஒற்றைக் கால் செருப்பைப் பார்த்தாள். பொங்கலுக்கு வாங்கியது. அதற்கு அடி விழுந்தது.