மாடி வைத்த விமானம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலை நிமித்தமாக நெடுங்காலம் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தவன் நான். பெரும்பாலும் ஜம்போ என்கிற போயிங் 747-இல்தான். அண்மையில் 787 ட்ரீம்லைனரில் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். எல்லோரும் புகழ்கிற விமானம். எனக்கு மனதில் ஒட்டவே இல்லை. தோளோடு தோள் இடிக்கிற இருக்கை. ஜன்னலுக்குத் திரை கிடையாது, ஒரு பொத்தான்தான். நடுப்பகலில் அதையும் பணிப்பெண்கள் எங்கிருந்தோ இருட்டாக்கிவிட்டார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நீல இருட்டு.

ஜம்போவில் ஏறினால் நான்கு எஞ்சின் இருக்கிறதே என்று ஒரு தெம்பு இருக்கும். இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். "உங்களுக்குப் பழசு எல்லாமே உசத்திப்பா" என்கிறான். புதிய விமானங்கள் உண்மையில் பயணிக்கு நல்லவையா, அல்லது கம்பெனிகளுக்கு மட்டும்தானா? ஜம்போவை நினைத்து ஏங்குகிறவர்கள் எல்லோரும் வெறும் பழங்கதை பேசுகிறவர்களா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

எஞ்சின் விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். அதை முதலில் முடித்துவிடலாம்.

1970 ஜனவரியில் 747 முதன்முறையாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்ப இருந்தபோதே எஞ்சின் ஒன்று சூடேறிவிட்டது. அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனம் வேறொரு 747-ஐக் கொண்டுவந்து, பல மணி நேரம் தாமதமாக அனுப்பியது. அன்றைய எஞ்சின்களின் லட்சணம் அது. இரட்டை எஞ்சின் விமானம் எந்த நேரத்திலும் ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய விமான நிலையம் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே பறக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பெருங்கடலை நேராகத் தாண்டக் கூடுதல் எஞ்சின்கள் தேவைப்பட்டது அதனால்தான். 1985-இல் அந்த ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமானது. இன்று ஏர்பஸ் நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருக்கிறது. இது சலுகை அல்ல. எஞ்சின்கள் அந்த அளவுக்கு மாறிவிட்டன.

நான்கு இருந்தால் நான்கும் ஓடும் என்பதும் இல்லை. 1982-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று ஜாவா தீவருகே இரவில் எரிமலைச் சாம்பலுக்குள் போய்விட்டது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சாம்பலை விட்டுக் கீழே சறுக்கி வந்த பிறகுதான் அவை மறுபடி உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கிற காரணம் வந்துவிட்டால் எண்ணிக்கை என்ன செய்யும்?

சரி, இனி உங்கள் தோளுக்கு வருகிறேன். இடித்தது உண்மைதான், ஆனால் ஆள் மாற்றிக் குற்றம் சொல்கிறீர்கள். 787-இன் உள்ளகலம் சுமார் ஐந்தரை மீட்டர். எகானமியில் வரிசைக்கு எட்டுப் பேர், அதாவது 2-4-2 என்று வைத்தால் தாராளமாக உட்காரலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் சர்வதேசப் பயணங்களுக்கு அப்படித்தான் வைத்தது. மற்றவர்களில் பெரும்பாலோர் 3-3-3 என்று ஒன்பதாவது இருக்கையைச் செருகிவிட்டார்கள். உங்களை இடித்தது அந்த ஒன்பதாவது இருக்கை.

ஜம்போவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அதன் உள்ளகலம் 6.1 மீட்டர். ஆரம்பத்தில் வரிசைக்கு ஒன்பது பேர். அப்புறம் அதே நிறுவனங்கள் அதைப் பத்தாக்கின. நீங்கள் அடிக்கடி பறந்த காலத்தில் 3-4-3தான் வழக்கம். அங்குலக் கணக்குப் பார்த்தால் அந்த இருக்கையும் பதினேழு சொச்சம், இந்த இருக்கையும் பதினேழு சொச்சம். கால் நீட்டும் இடம் வேண்டுமானால் அன்று கொஞ்சம் கூடுதல். புதிய விமானம் மிச்சப்படுத்திய எரிபொருளில் ஓர் அங்குலம்கூட எகானமி பயணியின் தோளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கும் உள்ள ஆத்திரம். அதை விமானத்தின் மேல் காட்டிப் பயனில்லை.

விமானம் தன் பங்கைச் செய்திருக்கிறது. உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மலைமேல் நிற்பது போலக் குறைகிறது. 8000 அடி மலை வரை விதி அனுமதிக்கிறது. 787, ஏ350 இரண்டிலும் அது 6000 அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உடற்பகுதி கார்பன் இழையில் செய்யப்பட்டிருப்பதால் இது முடிகிறது. திரும்பத் திரும்ப அழுத்தம் ஏறி இறங்கினாலும் அலுமினியம்போல் அது சோர்ந்துபோவதில்லை, ஈரத்தில் அரிப்பதும் இல்லை. அதனால் உள்ளே காற்றைக் கொஞ்சம் ஈரமாகவும் வைக்கலாம். தொண்டை வறளாது, இறங்கும்போது மண்டை கனக்காது. ஆனால் வராத தலைவலியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? இடித்த தோள்தான் ஞாபகம் இருக்கும். ஜம்போவின் பொற்காலம் என்கிறோமே, அதன் பெரும்பகுதியில் உள்ளே உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள். அந்த நாற்றமும் ஏக்கத்தில் வருவதில்லை.

சத்தமும் அப்படித்தான். புதிய விமானங்களில் இரைச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதில் ஒரு வேடிக்கை: ஏர்பஸின் இரண்டடுக்கு விமானமான ஏ380 வந்த புதிதில், ஓய்வறையில் தூக்கம் வரவில்லை என்று விமானிகளே புகார் சொன்னார்கள். எஞ்சின் இரைச்சல் மூடி வைத்திருந்த குழந்தை அழுகையும் கழிவறைத் தண்ணீர்ச் சத்தமும் தெளிவாகக் கேட்க ஆரம்பித்துவிட்டனவாம்.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் கட்சி. பயணிகள் விமானங்களிலேயே பெரிய ஜன்னல்களில் ஒன்று 787-உடையது. இருக்கையில் சாயாமலே அடிவானம் தெரியும். அவ்வளவு பெரிய ஜன்னலை வைத்துவிட்டு அதன் சாவியை வேறொருவர் கையில் கொடுத்தது என்ன புத்தியோ. தூங்குகிறவருக்கு இருட்டு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கிரீன்லாந்தின் பனியைப் பார்க்க விரும்பி ஜன்னலோரம் கேட்டு வாங்கியவருக்கும் ஏதாவது வேண்டுமே. ஏ350-இல் பெரும்பாலும் கையால் இழுக்கிற பழைய திரைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் பிரியம் அதிகம்.

இப்போது பழங்கதைக்கு வருவோம். உங்கள் ஏக்கத்தை அப்படி ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது சொகுசின்மேல் உள்ள ஏக்கம் என்று நீங்கள் நினைப்பதுதான் சரியாகப் படவில்லை.

ஜம்போவின் முன்பக்கத்தில் மேல்மாடியாகப் புடைத்திருக்கிறதே, அந்தத் திமில் எப்படி வந்தது என்று பாருங்கள். 1960-களின் நடுவில், இனிப் பயணிகள் எல்லோரும் ஒலியை மிஞ்சும் விமானங்களில்தான் போவார்கள் என்று விமானத் துறை நம்பியது. அப்படியானால் ஜம்போ சீக்கிரமே சரக்கு விமானமாகிவிடும். மூக்கைத் தூக்கித் திறந்து நேராகச் சரக்கை உள்ளே தள்ள வேண்டும், எனவே விமானி அறை வழியில் இருக்கக் கூடாது. 747-ஐ வடிவமைத்த போயிங் பொறியாளர் ஜோ சட்டரின் குழு அந்த அறையை மேலே தூக்கி வைத்தது. காற்று தடங்கலில்லாமல் வழிந்து போவதற்காக அதன் பின்பக்கத்தைச் சரிவாக இழுத்தபோது உள்ளே கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சியது. பணியாளர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று போயிங் நினைத்திருந்தது. மாதிரியைப் பார்க்க வந்த பான் ஆம் தலைவர் ஹுவான் ட்ரிப், அது பயணிகளுக்கு என்று சொல்லிவிட்டார். சுழல் படிக்கட்டும் மேல்மாடி ஓய்வுக்கூடமும் அப்படித்தான் வந்தன. ஆக, நாம் உருகுகிற அந்த மாடி நமக்காக வரைந்ததே இல்லை. சரக்குக்கு வழிவிட்டபோது மிஞ்சிய இடம்.

அந்த மாடியில் எத்தனை பேர் ஏறினோம்? கடிதத்தில் நீங்களும் ஏறியதாகச் சொல்லவில்லை. 747-இல் பறந்த மிகப் பெரும்பாலோர் கீழே, பத்துப் பேர் வரிசையில், நடு நான்கில் முழங்கை இடித்துக்கொண்டு வந்தவர்கள்தான். ஆனாலும் தலைக்கு மேல் ஒரு மாடி இருக்கிறது, அங்கே போக ஒரு படி இருக்கிறது என்று தெரியும். ஏறும்போதே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அந்தத் திமிலைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம். குழந்தைகூட விரல் நீட்டி 'ஜம்போ' என்று சொல்லும். 787-ஐயும் ஏ350-ஐயும் ஏ330-ஐயும் வரிசையாக நிறுத்தினால், விமானி அறை ஜன்னலின் வளைவையும் இறக்கை நுனியையும் உற்றுப் பார்த்துப் பழகியவர்தான் பிரித்துச் சொல்வார். காற்றும் எரிபொருளும் போட்ட கணக்குக்கு ஒரே விடைதான் வரும்போல.

இன்னொன்று, ஜம்போவின் வேகம் ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கு. 787-உம் அதே 0.85தான். அரை நூற்றாண்டில் யாரும் நம்மைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. போகிற நேரம் அதே நேரம்தான் என்றால், எதில் போகிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது. அதை உங்கள் மகனிடம் சொல்லலாம்.

அடுத்த முறை டிக்கெட் போடும்போது விமானத்தின் பெயரோடு நிறுத்தாமல் வரிசைக்கு எத்தனை இருக்கை என்றும் பாருங்கள். ஏ350-இல் ஒன்பது என்றால் நிம்மதி, பத்து என்றால் யோசியுங்கள். ஜம்போவேதான் வேண்டும் என்றால், போயிங் கடைசியாகக் கட்டிய 747-ஐ 2023 ஜனவரியில் ஒப்படைத்துவிட்டது, அதுவும் சரக்கு விமானம்தான். பயணிகளுக்கு லுஃப்தான்சா போன்ற ஒரு சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு மேல்மாடியில் இரண்டு இடம் போடுங்கள். பிசினஸ் கிளாஸ்தான், விலை கடிக்கும். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவரை ஒட்டி மூடிபோட்ட பெட்டி ஒன்று இருக்கும். புத்தகம், கண்ணாடி, காலணி எல்லாம் அதற்குள் போய்விடும். அந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்.